சிவப்புப் பலகைப் பாத்திகள்

எங்கள் தெருவில் என்னைத் தவிர எல்லோரும் உருப்பட்டிருந்தார்கள். பூனா கேம்ப்பில் இரண்டு தலைமுறையாக இருக்கும் திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பையன்கள் நன்றாகப் படித்தால் ராணுவக் கணக்கு ஆபீஸ், பாங்க், பள்ளிக்கூடம் என்று போவார்கள். படிப்பு ஏறாவிட்டால் ஆகுர்டியில் வண்டி செய்யும் தொழிற்சாலை இருந்தது. நான் ஒருவன்தான் விவசாயம் படித்துவிட்டு, ஊருக்கு வெளியே கால்வாய் ஓரமாக இருந்த ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் உதவியாளனாகச் சேர்ந்தேன். மாலையில் கால்சட்டை நிறையத் தொழு உரத்தின் வாடையோடு சைக்கிளில் வந்து இறங்குவேன். அம்மா வாசலிலேயே மறித்துவிடுவாள்.

“ஏல, அப்படியே பின்பக்கமா சுத்திப் போ. குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கணும்.”

எழுபதுகளின் பிற்பாதி அது. எனக்கு இருபத்தாறு வயது. தலைக்கனம் வேறு. பண்ணையில் எனக்கென்று ஒரு நெல் வயலைக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்து ஓர் ஆய்வு செய்து, மேற்படிப்புக்கான பட்டத்தை வாங்கிவிட வேண்டும் என்பது திட்டம். விஷயம் இதுதான்: நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் கட்டி நிற்க வேண்டுமா? வற்றவிட்டு, சில நாள் காயப்போட்டு, மறுபடி பாய்ச்சினால் போதாதா? மண்ணில் தொழு உரமும் தழை உரமும் போதுமான அளவு சேர்ந்திருந்தால் அந்தக் காய்ச்சலைப் பயிர் தாங்கிக்கொள்ளாதா? கால்வாய்த் தண்ணீருக்குக் கரும்பும் நகரமும் அடித்துக்கொண்டிருந்த ஊரில் இது சின்னக் கேள்வி இல்லை.

மூன்று விதமான பாசனம், மூன்று விதமான உரம், ஒவ்வொன்றும் நான்கு இடத்தில். மொத்தம் முப்பத்தாறு பாத்திகள். எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டிய பாத்திக்கு நீலப் பலகை. வற்றி மூன்று நாள் கழித்துப் பாய்ச்சுவதற்கு மஞ்சள். வற்றி ஆறு நாள் காய வேண்டியதற்குச் சிவப்பு. தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து மற்றொன்றுக்குக் கசியாமல் இருக்க நடுவே உலர்ந்த இடைவெளி விட வேண்டும் என்பது பாடம். நிலம் போதவில்லை என்று நான் ஒற்றை வரப்போடு விட்டிருந்தேன். பண்ணை அதிகாரி ஒரு முறை அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “வரப்பைக் கெட்டியாகப் போட்டிருக்கிறேன் சார்” என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு மேஸ்திரிக்குக் கீழே வயலில் வேலை செய்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கராடியிலிருந்து நடந்து வருவார். அப்போது கராடி என்றால் சோளக்காடும் கல் குவாரிக்குப் போகும் வண்டித்தடமும்தான். மராத்தியில் பெண்களை மரியாதையாகப் பாயி என்று அழைப்பது வழக்கம். நான் அவரைக் கராடிப் பாயி என்பேன். நாற்பது வயது இருக்கலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த பஞ்சத்தில் சொந்த ஊரை விட்டுக் கல் உடைக்க வந்த குடும்பம். கணவர் குவாரி வேலையிலேயே இருந்துவிட்டார், இவர் பண்ணைக்கு வந்துவிட்டார். ஐந்து வருஷமாகத் தினக்கூலி. இடைவெளி விழாமல் தொடர்ந்து வேலை பார்த்தவர்களை அந்தத் தீபாவளிக்கு நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. நடுவில் நின்றுபோனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காய்ச்சல் வந்த நாளில்கூட அவர் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலை நிரந்தரமானால், கணவரைக் குவாரியிலிருந்து நிறுத்திவிடலாம் என்று ஒரு நாள் நாற்று நடும்போது என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் ஆடியில் கொட்டியதோடு மழை முடிந்துபோனது. எனக்கோ கொண்டாட்டம். மழை இல்லாவிட்டால்தானே நான் காயப்போடும் பாத்தி காயும்! சிவப்புப் பலகைப் பாத்திகளில் மயிரிழை வெடிப்பு விழும்போது நான் குனிந்து குனிந்து பார்த்து நோட்டில் எழுதுவேன். உரமே போடாத பாத்திதான் முதலில் வெடிக்கும். தொழு உரம் போட்டது இரண்டு நாள் தள்ளி. தழையை மிதித்துச் சேற்றில் புதைத்திருந்த பாத்தி, கையால் அழுத்தினால் அப்போதும் கொஞ்சம் ஈரம் காட்டும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியாது. கராடிப் பாயி மட்டும் முகத்தைச் சுளிப்பார்.

“சாயேப், பாவம் இல்லையா? பக்கத்துல இருக்கிறது வயிறு முட்டக் குடிக்குது. இது நாக்கு வறண்டு நிக்குது.”

அவர் மராத்தியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்; சாயேப் என்றால் ஐயா. நான் சிரித்தேன். சிரித்தாலும் அந்தப் பேச்சை மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். பின்னால் என்னைக் கெடுத்தது அதுதான்.

சிராவண மாதம் பிறந்தது. மராத்திக்காரர் வீடுகளில் அந்த மாதம் மீன், இறைச்சி எதுவும் நுழையாது. எங்கள் வீட்டில் சிராவணம் என்றால் வேறு அர்த்தம். மார்க்கெட்டில் மீன் தேங்கிக் கிடக்கும். மீன்காரி எங்கள் கதவைத் தேடிக்கொண்டு வருவாள். அம்மா அந்த மாதத்துக்காகவே மிளகாய் அரைத்து வைத்திருப்பாள். நான் பூனாவில் பிறந்து வளர்ந்தவன், மராத்தி சரளமாகப் பேசுகிறவன் என்று பீற்றிக்கொண்டாலும் சிராவணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாதம் பிறந்து பத்து நாள் இருக்கும். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் ஒரு சிவப்புப் பலகைப் பாத்தி ஈரமாக இருக்கிறது. மழை இல்லை. மடை அடைத்தபடி இருக்கிறது. இரண்டு நாள் கழித்து இன்னொரு பாத்தி. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அன்று மாலை வீட்டுக்குப் போகிறவன்போலச் சைக்கிளை எடுத்து, உரக்குழிக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். மேஸ்திரியும் மற்றவர்களும் போன பிறகு கராடிப் பாயி திரும்பி வந்தார். கையில் ஒரு டால்டா டின். சிவப்புப் பலகைக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார், குனிந்தார், கையை நீட்டினார், நகர்ந்து மறுபடி குனிந்தார். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நாக்கு வறண்ட பயிருக்கு டின்னில் தண்ணீர் கொடுக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த நிமிஷமே இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டால்தான் மற்றவர்களுக்கும் உறைக்கும் என்று தோன்றியது. என் வயதும் என் வாயும் அப்படி.

மறுநாள் காலை, ஆள் எண்ணும் நேரத்தில், எட்டுப் பேரும் மேஸ்திரியும் நிற்கும்போது ஆரம்பித்தேன். அவரை எப்போதும் ‘நீங்கள்’ என்றுதான் பேசுவேன். அன்று அது போய்விட்டது.

“நேத்து சாயங்காலம் டின்னைத் தூக்கிட்டு என் பாத்தியில என்ன பண்ணிட்டிருந்தே?”

அவர் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறிப்போனது. மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் கழுத்தில் துளசி மாலை போட்டவர், வருஷா வருஷம் பண்டரிபுரத்துக்கு நடந்தே போகிறவர்.

“தண்ணி ஊத்தினியா இல்லையா?”

அவர் மறுபடி மேஸ்திரியைப் பார்த்தார்.

“பயிர் மேல இரக்கம் வந்துடுச்சோ? உன் இரக்கத்துக்கு என் படிப்புதான் கிடைச்சுதா?”

இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் நேரே அதிகாரியிடம் போனேன். ஆராய்ச்சிப் பாத்தியில் கை வைத்தவரை வைத்துக்கொள்ள முடியாது என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். மத்தியானத்துக்குள் கராடிப் பாயி போய்விட்டார். எனக்கு வருத்தமே இல்லையா என்றால், அன்றைக்கு இல்லை. நியாயம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரமே அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. கராடிப் பாயி இல்லை, டின் இல்லை. ஆனால் சிவப்புப் பலகைப் பாத்திகள் முன்பைவிட ஈரமாக இருந்தன. ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தானது. ஒன்றில் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீரே நின்றது. மற்றவர்களை முறைத்துப் பார்த்தேன். அவர்களும் என்னை முறைத்தார்கள். ஒரு மத்தியானம் வெயிலில் வரப்பின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு பக்கவாட்டைப் பார்த்தேன். நீலப் பலகைப் பாத்தியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, எட்டணாக் காசு அளவுக்கு ஓட்டைகள். ஒன்றில் தண்ணீர் மெல்லச் சுழித்து உள்ளே போனது. என்ன இருக்கிறது என்று விரலை விட்டேன். ஏதோ கவ்வியது. ‘ஐயோ’ என்று நான் போட்ட சத்தத்தில் கொக்குகள் பறந்துபோயின.

அம்மா விரலைப் பார்த்ததும் சிரித்தாள்.

“ஏல, இது நண்டுல்லா கடிச்சிருக்கு! வயநண்டா?”

“வரப்பு பூராவும் ஓட்டை போட்டு வச்சிருக்கும்மா. தண்ணி எல்லாம் காயற பாத்திக்குப் போயிருது.”

“பின்னே? அது குடியிருக்கிறதுக்கு உன்கிட்ட கேக்கணுமாக்கும்! பிடிச்சுக் கொண்டாந்திருக்கலாம்லா. நெஞ்சுச் சளிக்கு வயநண்டைத் தட்டிப் போட்டு மிளகு ரசம் வச்சுக் குடிச்சா அப்படிக் கேக்கும். சாயங்காலம் ஒரு டப்பாவை எடுத்துட்டுப் போனா டப்பா நிறைஞ்சிரும்.”

டப்பா என்ற சொல் காதில் விழுந்ததும் கராடிப் பாயி கையில் இருந்த டால்டா டின் நினைவுக்கு வந்தது.

மறுநாள் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவரை, கராடிப் பாயியோடு சேர்ந்து வருகிறவரை, உரக்குழிப் பக்கம் தனியாக அழைத்துக் கேட்டேன். முதலில் அவர் நழுவப் பார்த்தார். என் வீட்டிலும் நண்டு சமைப்பார்கள், என் அம்மாவே சொன்னாள் என்றதும்தான் பேசினார்.

“அவ வீட்டுக்காரனுக்குக் குவாரித் தூசி நெஞ்சுல இறங்கிடுச்சு சாயேப். ராத்திரி பகல் இருமல். நண்டுச் சாறு குடிச்சா கொஞ்சம் மூச்சு விடறான். மத்த மாசம்னா யாருக்கும் பயமில்லை. இது சிராவணம். மாமியா துளசி மாலை போட்டவ. மேஸ்திரியும் மாலை போட்டவர், அவங்களுக்குச் சொந்தக்காரர் வேற. சிராவணத்துல அவ வீட்டு அடுப்புல நண்டு வெந்துச்சுன்னு தெரிஞ்சா, அந்த வீட்டுத் தண்ணிகூட யாரும் குடிக்க மாட்டாங்க. மாமியாகிட்ட அது வைத்தியர் குடுத்த கஷாயம்னு சொல்லி வச்சிருக்கா.”

“அப்போ அந்த ஓட்டை?”

“நண்டை எடுத்துட்டுக் களிமண்ணை அடைச்சுக் குதிகாலால மிதிச்சிடுவா. ஓட்டையைப் பார்த்தா மேஸ்திரிக்குச் சந்தேகம் வருமே. இந்த மாசம் அவர் சீக்கிரம் போற நாள்லதான் அவளால பிடிக்க முடிஞ்சது. நாத்து நட்டதுலேர்ந்து இந்த வரப்பு ஒழுகாம இருந்ததே அவ குதிகாலாலதான்.”

நான் கெட்டியாகப் போட்டதாகப் பெருமையடித்துக்கொண்ட வரப்பைக் காப்பாற்றிவந்தவரை, அந்த வரப்பின் மேலேயே வைத்துத் திருடியைப்போல விசாரித்திருக்கிறேன். வெட்கத்தில் உடம்பு கூசியது.

கூசியதே ஒழிய, உடனே ஓடினேன் என்று சொன்னால் பொய். உண்மையைச் சொன்னால் சிவப்புப் பலகைப் பாத்திகள் பன்னிரண்டும் கழிந்துபோகும், ஒரு வருஷம் வீணாகும். ஒற்றை வரப்பு போட்டது நான்தான் என்பதும் வெளியே வரும். ஓட்டைகளை அடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஏழு நாள் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஏழு நாளை இன்று நினைத்தாலும் என் மேல் எனக்கு மரியாதை வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்படியே சைக்கிளில் ஆற்றைத் தாண்டிக் கராடிக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். உள்ளே இருமல் சத்தம். வாசலில் ஒரு முதியவள் துளசி மாலையோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கராடிப் பாயி வெளியே வந்தார்.

“பாயி, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நீங்க அன்னிக்கு அந்த நண்…”

அவர் கண்ணை மட்டும் அசைத்தார். என் வாய் அப்படியே நின்றுவிட்டது. மாமியார் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னடி சொல்றாரு சாயேப்?”

“தண்ணி விஷயம்” என்றார் பாயி, சத்தமாக.

“ஆமாம், தண்ணி விஷயம்” என்றேன் நானும். “தப்பு என்னோடது. நீங்க ஒண்ணும் பண்ணலை. வேலைக்கு வந்துடுங்க, நான் பேசிக்கிறேன்.”

அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை அதிகாரியிடம் போய் வரப்பு ஓட்டைகளைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், பல்லைக் கடித்தார்.

“சரி. தண்ணீர் இந்த வழியாகத்தான் வந்தது. அப்படியானால் அந்தப் பெண் டின்னை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்தாள்?”

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த கேள்வி அதுதான். உண்மையைச் சொன்னால் அது மத்தியானத்துக்குள் மேஸ்திரி காதுக்குப் போகும், சாயங்காலத்துக்குள் கராடிக்குப் போகும்.

“நான்தான் சார் களிமண் கொண்டுபோய் ஓட்டையை அடைக்கச் சொல்லியிருந்தேன். சொன்னதை மறந்துவிட்டேன்.”

“மறந்துவிட்டாயா?”

“ஆமாம் சார்.”

“நீ சொன்ன வேலையைச் செய்ததற்காக அவளைத் துரத்தச் சொல்லி என்னிடமே வந்தாய்?”

“ஆமாம் சார்.”

அவர் திட்டிய திட்டை எழுத முடியாது. மேஸ்திரியும் கேட்டுக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து பண்ணையில் எனக்கு மறதி சாயேப் என்று பெயர். சிவப்புப் பலகைப் பாத்திகள் பன்னிரண்டையும் அவர் நோட்டில் குறுக்கே கோடிட்டார். மறுநாள் கராடிப் பாயி வேலைக்கு வந்தார். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற ஒரு வருஷத்தையே கொடுத்தவன் என்று எனக்குள் ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நினைப்பு தீபாவளி வரை நீடித்தது.

தீபாவளிக்கு முன் வந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. நடுவில் பதினெட்டு நாள் இடைவெளி. அதிகாரியிடம் கெஞ்சினேன். அவர் இரண்டு முறை மேலே எழுதினார். விதி விதிதான் என்று பதில் வந்தது. பதினெட்டில் ஏழு நாள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாள். அந்த ஏழு இல்லாவிட்டாலும் பட்டியல் மாறியிருக்காது என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அடுத்த வருஷம் அதே வயலில், இந்த முறை முறையாக இடைவெளி விட்டு, முப்பத்தாறு பாத்திகளையும் மறுபடி போட்டேன். பாதித் தொழு உரத்தைத் தலையில் சுமந்து கொட்டியது கராடிப் பாயி. வரப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவரிடமே கொடுத்தேன். சிராவணத்தில் சாயங்காலம் மேஸ்திரியை நானே ஏதாவது பேச்சில் இழுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போய்விடுவேன். ஒரு பாத்திகூடக் கசியவில்லை. அறுவடையில், உரம் போடாமல் காய்ந்த பாத்திகளில் பாதிக் கதிர் பதர். தொழு உரமும் தழையும் சேர்ந்த பாத்திகளில் ஆறு நாள் காயப்போட்டும் நெல் அவ்வளவாகக் குறையவில்லை. எப்போதும் தண்ணீர் நின்ற பாத்திகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. அதிகாரி என் முதுகில் தட்டினார். எனக்குப் பட்டம் உறுதியாகிவிட்டது.

கடைசிச் சிவப்புப் பலகைப் பாத்தியின் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தார் கராடிப் பாயி. அப்போதும் தினக்கூலிதான். கணவர் அப்போதும் குவாரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், இருமிக்கொண்டே. என் சந்தோஷம் தாங்காமல் அவரிடம் போய், “பாயி, இதுல பாதி உங்களோடது. அன்னிக்கு உங்களுக்காக நான் எவ்வளவு பெரிய பொய் சொன்னேன் தெரியுமா?” என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். குரலில் கோபம் இல்லை.

“தெரியும் சாயேப். ஊரே உங்களை மறதி சாயேப்னு சொல்லுதே. நீங்க நல்லவருதான். ஆனா இவகிட்ட என்னைப் பத்திக் கேட்டப்போ தனியா கூப்பிட்டுக் கேட்டீங்களாமே. என்னையும் அப்படிக் கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

பக்கத்தில் இருந்த, அன்று உரக்குழிப் பக்கம் என்னிடம் பேசிய பெண் தலையைக் குனிந்துகொண்டார். கராடிப் பாயி முறத்தை எடுத்து மறுபடி தூற்ற ஆரம்பித்தார். தூசி என் பக்கம் வந்தது. நான் நகராமல் அங்கேயே நின்றேன்.